மூன்று வீடு, ஒரு முதுகுப் பை: வயலின் ஆசிரியர் சாமான் அடுக்கும் விதம்

கொழும்பில் காலையில் வெள்ளவத்தை, மத்தியானம் பம்பலப்பிட்டி, பின்னேரம் கொட்டாஞ்சேனை. இப்படி வீடு வீடாகப் போய் வயலின் சொல்லிக் கொடுப்பவருக்கு ஒரு கை எப்போதும் வெறுங்கையாக இருக்க வேண்டும். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது கம்பியைப் பிடிக்க அந்தக் கை, மழை வந்தால் குடைக்கும் அதே கை. மற்றக் கையில் வயலின் பெட்டி. மிச்சமெல்லாம் முதுகில். பைக்குள் அடங்காததை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

1. முதலில் கழியுங்கள்

எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, ஒவ்வொரு வகுப்பிலும் எடுப்பது, ஏதாவது பிழைத்தால் மட்டும் எடுப்பது, போன மாதம் முழுவதும் எடுக்காதது என்று மூன்றாகப் பிரியுங்கள். மூன்றாவது குவியல் வராது. பெரும்பாலும் அதில் இருப்பவை தடித்த புத்தகங்கள்தான்; அந்த வாரத்துக்கு வேண்டிய பக்கங்களைப் போட்டோக் கொப்பி எடுத்தால் போதும்.

2. வயலின் பெட்டி

அவசரத்தில் கெடுவது இங்கேதான். பெட்டியை மூடுமுன் வில்லின் திருகாணியைத் தளர்த்துங்கள். மயிர் தொய்ந்து தடியைத் தொட்டால் போதும், திருகாணி கழன்று வருமட்டும் சுற்ற வேண்டாம். கொழும்பின் ஈரக் காற்றில் மயிர் நீளும், ஏ.சி. அறையில் சுருங்கும். இறுக்கிய வில்லை வெளியிலிருந்து நேரே ஏ.சி. அறைக்குள் கொண்டுபோனால் அந்தச் சுருக்கத்தின் இழுவை முழுவதும் தடியின் நுனியில் விழும். வெடிப்பதும் அந்த இடந்தான்.

பெட்டிக்குள் இருக்க வேண்டியவை:

- தந்தி ஒரு முழு செட், அதோடு மெல்லிய முதல் தந்தியில் மேலதிகமாக இரண்டு. அடிக்கடி அறுவது அதுதான்.
- துணியில் சுற்றிய ரொசின் (வில் மயிரில் தேய்க்கும் பிசின் கட்டி). விழுந்தால் கண்ணாடி மாதிரி உடையும்.
- ஒரு துண்டு வெண்கட்டி, ஒரு 2பி பென்சில். ஏ.சி. அறையில் பிரடை (தந்தியை முறுக்கும் ஆணி) வழுக்கினால் அது துளையில் உரசும் இடத்தில் வெண்கட்டியை இலேசாகத் தேயுங்கள். மழை நாளில் இறுகிக்கொண்டால் அதே இடத்தில் பென்சில் கரி.
- சிலிக்கா ஜெல் இரண்டு பொட்டலம். நிறம் மாறும் வகையை வாங்கினால் எப்போது மாற்றுவது என்று தெரியும்.

தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாகத்தான். நான்கையும் ஒன்றாகக் கழற்றினால் தந்திகளைத் தாங்கும் குதிரை சாயும், உள்ளே நிற்கும் சின்ன மரக்குச்சியும் விழலாம். மாணவர் வீட்டில் வைத்து அதை நிமிர்த்த முடியாது, அன்றைய வகுப்பு அத்தோடு சரி.

3. பையின் அடுக்கு

வகுப்பு சுருதியில் தொடங்குவதால் சுருதிப் பெட்டி மேலே. இந்தியாவில் செய்த பெட்டிக்கு உருண்டை முனைப் பிளக் வரும். பழைய வீடுகளில் அது பொருந்தும், புதிய தொடர்மாடிகளில் சதுர முனைப் பொயின்ற்தான். ஆகவே ஒரு அடப்டரை வயரோடு கட்டியே வையுங்கள். போனிலுள்ள சுருதிச் செயலியும் உதவும், பிளைட் மோடில் போட்டால்.

அதற்குக் கீழே கோவைகள். ஒரு பிள்ளைக்கு ஒரு பிளாஸ்ரிக் கோவை. அன்று முதலில் போகும் வீட்டுக் கோவை முன்னுக்கு. சுருதி ஆளுக்கு ஆள் மாறுமென்பதால் கோவையின் முகப்பிலேயே '5 கட்டை', '1 கட்டை' என்று எழுதிவிடுங்கள். உள்ளே நடக்கும் பாடம், இரண்டு வெற்றுத் தாள், பிறகு பாடத்திட்டம். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கும் சாதாரண தரத்துக்கும் பாடத்திட்டம் வேறு வேறு, இரண்டையும் ஒரே கோவையில் கலக்காதீர்கள்.

ஆரம்பப் பயிற்சிகளான சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் அலங்காரமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. அவற்றை லமினேற் செய்து ஒரே ஒரு பிரதி கொண்டுபோகலாம். ஸ்வரம் எழுத ஜெல் பேனை வேண்டாம். வியர்வைக் கை பட்டாலே மை பரவி, மேல் ஸ்தாயிப் புள்ளி எது, கீழ் ஸ்தாயிப் புள்ளி எது என்று தெரியாமல் போகும்.

4. மழையும் சூடும்

ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் மழையை நம்ப முடியாது. பைக்கு வெளியே போடும் உறை முதுகுப் பக்கத்தை மூடாது, தண்ணீர் இறங்குவது அந்தத் தையல் வழியாகத்தான். பைக்குள்ளே ஒரு பெரிய குப்பைப் பையை விரித்து, சாமானை அதற்குள் அடுக்கி, வாயை முறுக்கிவிடுங்கள். நனைந்த குடைக்குத் தனியாக ஒரு சொப்பிங் பை.

ஓட்டோவில் சாரல் பக்கவாட்டில் அடிக்கும், பெட்டியை மடியில் வையுங்கள். சீற்றுக்குப் பின்னாலுள்ள தட்டு வசதியாகத்தான் தெரியும். ஆனால் எஞ்சின் அதற்குக் கீழே. அந்தச் சூட்டில் வயலினை ஒட்டிய பசை இளகும். வெயிலில் நிற்கும் காரும் அப்படித்தான்.

5. கிளம்புமுன்

வாசலில் செருப்பைப் போடுமுன் நான்கை மட்டும் பாருங்கள்: ரொசின், அடப்டர், பென்சில், குடை. ரொசின் பிள்ளையின் பெட்டிக்குள்ளும் அடப்டர் சுவரிலும்தான் தங்கிவிடும். இரவு வீட்டுக்கு வந்ததும் பையைக் கவிழ்த்து, நனைந்ததை விசிறிக்குக் கீழே விரித்து, நாளைய வீடுகளின் ஒழுங்குக்குக் கோவைகளை மாற்றி வையுங்கள்.