எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் சேர்ந்திருப்பவரிடம் மரபணுச் சோதனை: மாதிரி எடுப்பதிலிருந்து முடிவு படிப்பது வரை

வைரஸ்களின் மரபணுவையும் நோயாளியின் மரபணுவையும் வாசிக்கும் இந்தச் சோதனைகளில் சறுக்கல் பெரும்பாலும் மரபணு வரிசையை வாசிக்கும் சீக்வென்சிங் கருவியில் ஏற்படுவதில்லை. ரத்தம் எடுத்த முதல் சில மணி நேரத்திலேயே காரியம் கெட்டுவிடுகிறது. சிகிச்சைக்கு முந்தைய மாதிரி கையில் இல்லையென்றால் பின்னால் எதைச் செய்தும் ஈடுகட்ட முடியாது. முதல் மாத்திரைக்கு முன்பே ரத்தம் எடுத்துவிடுங்கள்.

குழாய், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. போட்டதாக இருக்கட்டும். அதே வேலைக்குப் பயன்படும் ஹெப்பாரின், மரபணுத் துண்டைப் பல நகல்களாகப் பெருக்கும் பி.சி.ஆரைத் தடுக்கும். 6 மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃபியூஜில் சுற்றிப் பிளாஸ்மாவைப் பிரியுங்கள். பிளாஸ்மாவுக்கும் சிவப்பணுக்களுக்கும் நடுவே வெள்ளையாக மெல்லிய ஏடு தெரியும். பிப்பெட் முனை அதைத் தொடக்கூடாது; மேலே அரை சென்டிமீட்டர் பிளாஸ்மாவை விட்டுவைத்து உறிஞ்சுங்கள். ஏட்டில் இருக்கும் வெள்ளையணுக்களின் டி.என்.ஏ.வுக்குள் பழைய எச்.ஐ.வி. பதிந்து கிடக்கிறது. அது கலந்தால், ரத்தத்தில் இப்போது ஓடும் வைரஸோடு எப்போதோ வந்து தங்கியதும் சேர்ந்து முடிவில் ஏறிவிடும். சந்தேகம் இருந்தால், வைரஸின் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியைச் சேர்க்காமல் ஒரு குழாயை ஓட்டிப் பாருங்கள், அதிலும் பி.சி.ஆர். பெருகினால் டி.என்.ஏ. கலந்திருக்கிறது.

பிளாஸ்மாவை 0.5 மி.லி. வீதம் சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். உருக்கி மறுபடி உறைய வைத்தால் ஆர்.என்.ஏ. சிதையும். வெள்ளை ஏட்டை எறிந்துவிடாதீர்கள், நோயாளியின் சொந்த டி.என்.ஏ. அதில்தான் கிடைக்கும். அதைப் படிப்பதற்குத் தனியாக ஒப்புதல் வாங்குங்கள்.

ஹெபடைடிஸ் சி வைரஸில் 8 ஜீனோடைப்புகள், அதாவது மரபணு வகைகள், உண்டு. ஒன்றுக்கொன்று நியூக்ளியோடைடு வரிசையில் ஏறத்தாழ 30 சதவீதம் வேறுபடும். வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க 5' முனைப் பகுதி போதும், அது அவ்வளவாக மாறுவதில்லை. அதே காரணத்தால் 1ஏ, 1பி என்ற துணைவகைகளைப் பிரிக்க அதை நம்ப முடியாது. வைரஸ் மரபணுவில் என்.எஸ்.5பி என்ற பகுதியையும் வாசியுங்கள். 5' முனை 2 என்றும் என்.எஸ்.5பி 1பி என்றும் சொன்னால் குழாய் மாறிவிட்டதாக உடனே முடிவு கட்டாதீர்கள். 2கே/1பி என்ற கலப்பின வைரஸ் உண்மையிலேயே இருக்கிறது.

மருந்து எதிர்ப்புக்கு என்.எஸ்.5ஏ என்ற வைரஸ் புரதத்தில் 93ஆம் இடத்தை முதலில் பாருங்கள். அங்கே டைரோசின் என்ற அமினோ அமிலம் போய் ஹிஸ்டிடின் வந்திருப்பது முக்கியமான மாற்றம். வாசிப்புகளில் 15 சதவீதத்துக்கும் குறைவாகத் தென்படும் மாற்றங்களை வைத்துச் சிகிச்சையை முடிவு செய்ய வேண்டாம்.

வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) குறைவாக இருக்கும்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மி.லி.யில் 1,000 எச்.ஐ.வி. பிரதிகள், 0.5 மி.லி. எடுத்தால் 500. பிரித்த ஆர்.என்.ஏ.வை 50 மைக்ரோலிட்டரில் கரைத்து 10 மைக்ரோலிட்டரை வினையில் சேர்த்தால், எந்த இழப்பும் இல்லாவிட்டாலும் 100 பிரதிகள்தான். 5 சதவீத மாற்றம் என்றால் அதில் வெறும் 5 மூலக்கூறுகள். கருவி 10,000 வாசிப்புகள் கொடுத்தாலும் அவை அதே நூற்றின் நகல்கள். அதனால் மூன்று தனித்தனி பி.சி.ஆர். செய்து, கலந்து, பிறகு வாசியுங்கள்.

நோயாளியின் மரபணுவில் அதிகம் குழப்புவது இன்டர்ஃபெரான் லாம்டா மரபணுக்கள் இருக்கும் ஐ.எஃப்.என்.எல். பகுதி. அங்கே ஆர்.எஸ்.12979860 என்று எண்ணிட்ட இடத்தில் இரண்டு பிரதிகளிலும் சி எழுத்து, அதாவது சி.சி. இருந்தால் ஹெபடைடிஸ் சி தானாகவே நீங்கும் வாய்ப்பு கூடுதல், டி.டி. என்றால் குறைவு. பக்கத்திலேயே ஆர்.எஸ்.368234815 இருக்கிறது, அங்கே அடுத்தடுத்து இரண்டு டி எழுத்துகள் கொண்ட டி.டி. என்பதுதான் நல்ல அல்லீல் (ஒரு பிரதியின் வடிவம்), டெல்டா ஜி பாதகமானது. எந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று குறிக்காமல் “டி.டி.” என்று மட்டும் எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். முதல் இடத்தில் சி, டி-க்குப் பதிலாக ஜி, ஏ வந்தால் டி.என்.ஏ.வின் எதிர் இழையை வாசித்திருக்கிறீர்கள். ஹெபடைடிஸ் சி-க்கு இன்டர்ஃபெரான் ஊசி போட்ட காலத்தில் சிகிச்சைத் தீர்மானமே இதை ஒட்டி அமைந்தது; வைரஸை நேரடியாகத் தாக்கும் இன்றைய மருந்துகளுக்கு இந்த முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எச்.ஐ.வி. மருந்தான அபாகாவிர் தொடங்கும் முன் எச்.எல்.ஏ.-பி*57:01 என்ற மரபணு வடிவம் நோயாளியிடம் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் கட்டாயம். “பி57 உண்டு” என்ற பொதுவான முடிவு போதாது. நான்கு இலக்கமும் வேண்டும்.

சிகிச்சை முடிந்து 12 வாரத்தில் ஹெபடைடிஸ் சி ஆர்.என்.ஏ. மீண்டும் தெரிந்தால் பழைய மாதிரியை வெளியே எடுங்கள். ஜீனோடைப் மாறியிருந்தால் பெரும்பாலும் புதுத் தொற்று. ஆனால் ஆரம்பத்திலேயே இரண்டு வகைகள் கலந்திருந்து, சிறுபான்மையாக இருந்த வகை மிஞ்சியிருக்கவும் கூடும். பழைய குழாயில் அந்த வகைக்கென்றே அமைந்த ப்ரைமரால் (பி.சி.ஆரைத் தொடங்கி வைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டால்) தேடுங்கள். வகை மாறாவிட்டால் என்.எஸ்.5பி, வைரஸ் உறைப் புரதத்துக்கான ஈ2 ஆகிய இரண்டு பகுதிகளையும் வாசித்து, தொடர்பில்லாத மற்ற நோயாளிகளின் வரிசைகளையும் சேர்த்து மரபுவழி மரம் வரையுங்கள். முன்னும் பின்னும் எடுத்தவை ஒரே கிளையில் சேர்ந்தால் பழைய தொற்றே திரும்பியிருக்கிறது என்று கொள்ளலாம். அதே துணையிடமிருந்து மறுபடி தொற்றினாலும் மரம் இப்படியேதான் இருக்கும் என்பதால், அவருடைய மாதிரியையும் கேட்டு வாங்குங்கள்.