ஒரு வரைபடம், மூன்று வருடம்: கட்டுமான மேலாண்மையைக் கல்லூரியில் படிக்கும் முறை

பாலிடெக்னிக் சிவிலிலும் பி.இ. சிவிலிலும் எஸ்டிமேஷன் ஒரு தாள், கட்டுமான மேலாண்மை இன்னொரு தாள், கான்கிரீட் லேப் வேறொரு செமஸ்டர் என்று தனித்தனியாக வரும். சைட்டில் இவை எல்லாம் ஒரே நாள் காலையில் சேர்ந்து வந்து நிற்கும். எத்தனை மூட்டை சிமெண்ட் இறக்குவது, எத்தனை ஆள் வரச் சொல்வது, நேற்று போட்ட கான்கிரீட்டைத் தாங்கும் முட்டுக் கம்புகளை எப்போது எடுப்பது என்று மேஸ்திரி கேட்பார். தாள் தாளாகப் படித்தவர் அங்கே திணறுவார்.

இதற்கு எளிய வழி, ஒரு சின்ன வரைபடத்தை எடுத்துக்கொண்டு எல்லாப் பாடத்தையும் அதிலேயே போட்டுப் பார்ப்பது. பெரிய அபார்ட்மெண்ட் வேண்டாம், இரண்டு அறை போதும். இந்தக் கட்டுரைக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: உள் அளவு 4 மீ × 3 மீ ஒரு அறை, அதை ஒட்டி 3 மீ × 3 மீ இன்னொரு அறை, எல்லாச் சுவரும் 23 செ.மீ. கையால் வரையுங்கள், ஆட்டோகேட் பிறகு வரட்டும்.

அளவு எடுப்பது

சென்டர் லைன் முறையில் முதலில் மொத்த நீளம். மையத்திலிருந்து மையம் பார்த்தால் நீளவாட்டில் 7.46 மீ, அகலவாட்டில் 3.23 மீ. வெளிச்சுவர் சுற்று 2 × (7.46 + 3.23) = 21.38 மீ. நடுச்சுவர் 3.23 மீ. ஆக 24.61 மீ. நடுச்சுவர் வெளிச்சுவரில் முட்டும் சந்திப்புகள் இரண்டு. ஒவ்வொரு சந்திப்புக்கும் பாதி அகலத்தைக் கழிக்க வேண்டும் என்பது வகுப்பில் சொல்லித் தருவதுதான்.

தவறு நடப்பது இந்த இடத்தில். சுவரின் பாதி அகலம் 11.5 செ.மீ.; அதையே வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும் கணக்கிலும் கழித்துவிடுகிறார்கள். வானத்தின் அகலம் 90 செ.மீ. என்றால் அந்த மட்டத்தில் பாதி அகலம் 45 செ.மீ. எனவே வானத்துக்கு நீளம் 24.61 − 0.90 = 23.71 மீ, மேல் சுவருக்கு 24.61 − 0.23 = 24.38 மீ. ஆழம் 1.2 மீ என்றால் மண் 23.71 × 0.9 × 1.2 = 25.6 கன மீட்டர். தவறான நீளத்தில் போட்டால் 26.3 வரும். இரண்டு அறைக்கே முக்கால் கன மீட்டர் மண் கூடுதல். இருபது அறை உள்ள கட்டடத்தில் அந்த மூலைகளை எண்ணிப் பாருங்கள். கழிக்கும் அகலம் ஒவ்வொரு மட்டத்திலும் மாறும் என்பதைத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டு கணக்கைத் தொடங்குவது நல்லது.

எதைக் கழிப்பது, எதை விடுவது என்பதற்கு ஐ.எஸ். 1200 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. கட்டு வேலையில் 0.1 சதுர மீட்டருக்கு உட்பட்ட துளையைக் கழிப்பதில்லை. பூச்சு வேலையில் விதி வேறு: 0.5 சதுர மீட்டர் வரை உள்ள திறப்புக்குக் கழிவே இல்லை, 0.5க்கு மேல் 3 வரை ஒரு முகத்துக்கு மட்டும் கழித்துவிட்டு, பக்கவாட்டுப் பூச்சைத் தனியாகச் சேர்க்காமல் விட வேண்டும்; 3க்கு மேல் போனால் இரண்டு முகத்தையும் கழித்து, பக்கவாட்டையும் மேல்பக்கத்தையும் சேர்க்க வேண்டும். நம் கதவு 1 மீ × 2.1 மீ, அதாவது 2.1 சதுர மீட்டர், ஆகவே ஒரு முகம்தான் கழிவு. இரண்டு பக்கமும் கழித்து மதிப்பெண் இழப்பவர்கள் நிறைய. பில்லில் அப்படிக் கழித்தால் கான்டிராக்டர் சும்மா விடமாட்டார்.

அளவை மூட்டையாக்குவது

ரூஃப் கான்கிரீட்டைப் பார்ப்போம். வெளி அளவு 7.69 × 3.46, கனம் 12 செ.மீ., ஆக 3.19 கன மீட்டர். எம்20 தரக் கான்கிரீட்டுக்கு சிமெண்ட், மணல், ஜல்லி 1:1½:3 என்ற நாமினல் (நிலையான விகித) கலவை (கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 நாமினல் கலவையை எம்20 வரைதான் அனுமதிக்கிறது). ஈரக் கான்கிரீட் ஒரு கன மீட்டர் கிடைக்க உலர்ந்த பொருள் 1.54 கன மீட்டர் வேண்டும். 1.54 ÷ 5.5 = 0.28 கன மீட்டர் சிமெண்ட். சிமெண்டின் அடர்த்தி கன மீட்டருக்கு 1440 கிலோ என்று வைத்தால் 403 கிலோ, அதாவது 8 மூட்டைக்குக் கொஞ்சம் மேல். மணல் 0.42, ஜல்லி 0.84.

வகுப்புக் கணக்கு இதோடு முடிந்துவிடும். ஆனால் லாரிக்காரரிடம் கன மீட்டரில் யாரும் ஆர்டர் கொடுப்பதில்லை. ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. ஒரு கன மீட்டர் 35.31 கன அடி. எல்லாவற்றையும் 3.19ஆல் பெருக்கி மாற்றினால் நம் ரூஃபுக்கு சிமெண்ட் 26 மூட்டை, எம்-சாண்ட் 47 கன அடி, ஜல்லி 95 கன அடி. அதாவது அரை யூனிட் மணலும் ஒரு யூனிட் ஜல்லியும். இந்தக் கடைசி வரி வரை போகாத எஸ்டிமேட் பாதி எஸ்டிமேட்தான்.

இன்னொரு குழி: 1.54 கான்கிரீட்டுக்கு மட்டும். பூச்சுக் கலவையில் ஜல்லி இல்லை. அதற்குப் பலரும் எடுப்பது 1.3 அளவில். இரண்டையும் குழப்பினால் பூச்சு சிமெண்ட் தாறுமாறாகக் கூடும்.

மணல் ஈரமாக இருந்தால் உப்பும். 200 மி.மீ. உயரத்துக்கு ஈர மணலைத் தளர்வாக ஒரு கண்ணாடிக் குடுவையில் நிரப்பி, தண்ணீர் ஊற்றிக் கிளறி, மட்டம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 160க்கு இறங்கினால் உப்பல் 40 ÷ 160, அதாவது 25 சதவீதம். அன்றைக்குப் பெட்டி அளவில் 47 கன அடி மணல் போட்டால் உண்மையில் போனது 38 கன அடிக்குள்தான். கலவையில் ஜல்லி தூக்கலாகும், தேன்கூடு போல ஓட்டை விழும், கடைசியில் கான்கிரீட்டும் ஓரத்தில் குறையும். சிமெண்ட் திருடிவிட்டார்கள் என்று சந்தேகப்படும் முன் மணலைப் பாருங்கள்.

கம்பி

பி.பி.எஸ். (கம்பியை வெட்டி வளைக்கும் பட்டியல்) எழுதப் பழக ஒரு பீமின் ரிங் போதும். பீம் 230 × 380, கவர் (கம்பிக்கு வெளியே நிற்கும் கான்கிரீட் கனம்) 25 மி.மீ., ரிங் 8 மி.மீ. கம்பி. இருபுறமும் கவர் போக ரிங்கின் வெளி அளவு 180 × 330. சுற்று 1020. கொக்கிக்கு இரண்டு பக்கமும் 10டி (டி என்றால் கம்பியின் விட்டம்) வீதம் 160 கூட்டுங்கள். மூன்று 90 பாகை வளைவுக்கு 2டி வீதம் 48, இரண்டு 135 பாகை வளைவுக்கு 3டி வீதம் 48 கழியுங்கள். வெட்டு நீளம் 1084 மி.மீ.

இப்போது 12 மீட்டர் கம்பியை எடுங்கள். 1.084ஆல் வகுத்தால் 11 ரிங், மிச்சம் 76 மி.மீ. துண்டு. கவரை மறந்து 230 × 380 என்றே வெட்டினால் ஒரு ரிங் 1284. ஒரு கம்பியில் 9தான் கிடைக்கும். கம்பிக்கு இரண்டு ரிங் நஷ்டம், அதற்கு மேல் அந்த ரிங் சென்ட்ரிங் பலகையை முட்டும், கவர் பிளாக் வைக்க இடமே இருக்காது. வெட்டுவதற்கு முன் ஒரே ஒரு ரிங்கை வளைத்து டேப் வைத்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

எடைக்கு விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுக்கவும்: 8 மி.மீ. 0.395 கிலோ, 12 மி.மீ. 0.889 கிலோ, மீட்டருக்கு. எண்ணிக்கையில் ஒன்று கூட்ட மறக்காதீர்கள். 3 மீட்டருக்கு 150 மி.மீ. இடைவெளியில் 20 இல்லை, 21.

நாள் கணக்கு

வேலைகளின் வரிசையையும் நாளையும் கணக்கிடும் சி.பி.எம். முறை 1957 வாக்கில் அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவனத்தில் பிறந்தது. அதே வகையான பெர்ட் முறை அடுத்த வருடம் அந்நாட்டுக் கடற்படையின் போலரிஸ் ஏவுகணைத் திட்டத்தில். தேர்வுக்கு அது போதும். நம் ரூஃபில் போட்டுப் பார்ப்போம்.

கான்கிரீட் முடிந்த நாளைப் பூஜ்யம் என்று வைப்போம். உள்வேலை: முட்டு 7 நாள் நிற்க வேண்டும், பிரிக்க 1 நாள், சீலிங் பூச்சு 3, டைல்ஸ் 4. மொத்தம் 15. வெளிவேலை: 3 நாள் விட்டு கைப்பிடிச்சுவர் 3 நாள், சாரம் கட்ட 2, வெளிப்பூச்சு 5. மொத்தம் 13. ஆக மொத்த நாளைத் தீர்மானிக்கும் உள்வேலைதான் கிரிட்டிகல் பாத், வெளிவேலைக்கு 2 நாள் ஃப்ளோட் (தாமதிக்க இருக்கும் அவகாசம்). புத்தகம் இப்படித்தான் சொல்லும்.

பூசும் கொத்தனார் செட் ஒன்றே ஒன்று என்றால்? சீலிங் பூச்சும் வெளிப்பூச்சும் இரண்டும் எட்டாம் நாள் தொடங்குகின்றன. சீலிங்கை முதலில் முடித்து வெளியே போனால் 16 நாளில் முடியும். சாரம் கட்டியாகிவிட்டதே என்று வெளியே முதலில் போனால் 13ஆம் நாள்தான் சீலிங் தொடங்கும், டைல்ஸ் முடிய 20 நாள். அதே ஆட்கள், அதே கூலி. வரிசை மாறியதில் நான்கு நாள் போனது. இருக்கும் ஆட்களுக்கு ஏற்ப வேலையை வரிசைப்படுத்தும் ரிசோர்ஸ் லெவலிங் என்ற அத்தியாயத்தைத் தேர்வுக்கு வராது என்று தள்ளிவிடுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்க்கலாம்.

அந்த 7 நாள் எங்கிருந்து வந்தது? ஐ.எஸ். 456இன்படி 4.5 மீட்டர் வரை ஸ்பான் உள்ள ஸ்லாபுக்கு முட்டு 7 நாள், அதற்கு மேல் 14. பீமுக்கு 6 மீட்டர் வரை 14, மேலே 21. இவை ஓ.பி.சி. என்ற சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்குச் சொன்னவை. நம் ஊரில் வீட்டு வேலைக்குப் பெரும்பாலும் ஃப்ளை ஆஷ் கலந்த பி.பி.சி.தான் வருகிறது, அதற்குக் கூடுதல் நாள் விட வேண்டும். தண்ணீர் கட்டுவதும் ஓ.பி.சி.க்குக் குறைந்தது 7 நாள், ஃப்ளை ஆஷ் சேர்ந்ததற்கு 10. மாணவர் போடும் பார் சார்ட்டில் முதலில் காணாமல் போவது இந்தக் காத்திருப்பு நாட்கள்தான், ஏனென்றால் அதற்கு ஆளும் இல்லை, கூலியும் இல்லை.

நாள் கணக்கு போடும் மென்பொருளான எம்.எஸ். புராஜெக்ட் பழகும்போது இரண்டு கவனம். தொடக்கத் தேதியை நேரே டைப் செய்யாதீர்கள். மென்பொருள் அதை ‘இதற்கு முன் தொடங்காதே’ என்ற கட்டுப்பாடாக எடுத்துக்கொள்ளும், பிறகு முந்தின வேலை சீக்கிரம் முடிந்தாலும் அந்த வரி நகராது. தேதி தானாக வர வேண்டும், நீங்கள் கொடுப்பது கால அளவும் முந்தின வேலையும் மட்டும். இன்னொன்று, முட்டு நிற்கும் நாட்களுக்கு லேக் (இடைவெளி) கொடுக்கும்போது எண்ணுக்குப் பின் ‘ஈடி’ என்ற இரு ஆங்கில எழுத்துகளைச் சேருங்கள். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை லீவு என்று கழித்துவிடும். கான்கிரீட்டுக்கு லீவு கிடையாது. பிரைமவேரா என்ற இன்னொரு மென்பொருளை அப்புறம் பார்க்கலாம். முதலில் எக்செல் கையில் ஓட வேண்டும்.

கியூப்

நம் ரூஃப் 3.19 கன மீட்டர். ஐ.எஸ். 456 அட்டவணைப்படி 1 முதல் 5 கன மீட்டருக்கு ஒரு சாம்பிள், அதாவது வலிமை பார்க்க வார்க்கும் மூன்று கான்கிரீட் கியூப். 150 மி.மீ. அச்சில் எண்ணெய் தடவி, மூன்று அடுக்காக நிரப்பி, 16 மி.மீ. கம்பியால் அடுக்குக்கு 35 குத்து. மறுநாள் கழற்றித் தண்ணீரில் போட்டு, 28ஆம் நாள் ஈரம் காயும் முன் மெஷினில் வைக்க வேண்டும். கரணையால் தேய்த்த முகம் மேலே வரக்கூடாது, பக்கவாட்டில் திரும்பியிருக்க வேண்டும். அந்த முகத்தில் சுமை ஏற்றினால் மேடு பள்ளத்தில் சுமை குவிந்து, நல்ல கியூபும் குறைவாகவே காட்டும். 450 கிலோ நியூட்டனில் உடைந்தால் 22,500 சதுர மி.மீ.யால் வகுத்து சதுர மி.மீ.க்கு 20 நியூட்டன் என்று வரும். மூன்றில் ஏதாவது ஒன்று சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்தச் சாம்பிளே செல்லாது. லேப் ரெக்கார்டில் மூன்றும் ஒரே எண்ணாக இருந்தால் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் சிரிப்பார்.

இன்டர்ன்ஷிப்

பதினைந்து நாள் கிடைத்தாலும் சைட் முழுக்கச் சுற்றாமல் ஒரு ஸ்லாபை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். நோட்டில் தினமும் ஐந்து பத்தி: தேதி, மழையா வெயிலா, கொத்தனார் எத்தனை, சித்தாள் எத்தனை, முடிந்த வேலை எவ்வளவு. கடைசிப் பத்தியை டேப் வைத்து அளந்து எழுத வேண்டும். ‘சுவர் வேலை நடந்தது’ என்று எழுதினால் பயனில்லை. பத்து நாள் போனால் ஒரு கொத்தனார் ஒரு நாளைக்கு எத்தனை கன மீட்டர் கட்டுகிறார் என்று உங்கள் கையில் ஒரு எண் இருக்கும். பொதுப்பணித் துறையின் டேட்டா புத்தகத்தில் உள்ள எண்ணோடு அதை ஒப்பிட்டு, ஏன் வித்தியாசம் என்று ஒரு பக்கம் எழுதினால் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் பாதி முடிந்தது. செங்கல் தூக்கித் தர ஆள் குறைவா, சாரம் ஏறி இறங்கியதா, கலவை வரத் தாமதமா என்று காரணத்தைக் கொத்தனாரிடமே கேளுங்கள். ‘அண்ணே’ என்று கூப்பிட்டு நிழலில் டீ குடிக்கும் நேரத்தில் கேட்டால் எந்த டேட்டா புத்தகத்திலும் இல்லாததைச் சொல்வார்.

முடிந்தால் எம்-புக் (முடிந்த வேலையின் அளவுப் புத்தகம்) எழுதுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். எண்ணிக்கை, நீளம், அகலம், ஆழம், அளவு என்று பத்திகள். பக்க எண் அச்சிட்டிருக்கும், தாளைக் கிழிக்கக் கூடாது. தப்பாகிவிட்டால் அழிப்பதோ மேலே எழுதுவதோ கூடாது. ஒரு கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி, சுருக்கொப்பம் இட வேண்டும். மண்ணுக்குள் போகும் வேலையை, முக்கியமாக வானத்தின் ஆழத்தையும் அடியில் போட்ட பி.சி.சி.யின் (கம்பியில்லாக் கான்கிரீட்டின்) கனத்தையும், மூடுவதற்கு முன்பே அளந்து எழுதிவிட வேண்டும்.

மேலே படிக்க

டிப்ளமோ முடித்தவர் லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டு சேரலாம். பி.இ.க்குப் பிறகு கிண்டி பொறியியல் கல்லூரியில் கன்ஸ்ட்ரக்ஷன் இன்ஜினியரிங் அண்ட் மேனேஜ்மெண்ட் என்றே எம்.இ. உண்டு, நுழைய கேட் மதிப்பெண் அல்லது சீட்டா-பி.ஜி. தேர்வு. எம்.இ.க்கு டான்செட் என்று இன்னும் சொல்பவர்கள் உண்டு. 2023 முதல் அது எம்.பி.ஏ., எம்.சி.ஏ.வுக்கு மட்டும். ஐ.ஐ.டி. மெட்ராஸில் சிவில் துறைக்குள்ளேயே கட்டடத் தொழில்நுட்பம் மற்றும் கட்டுமான மேலாண்மைப் பிரிவு இருக்கிறது. நேர்காணலுக்குப் போகும்போது அந்த இரண்டு அறை வரைபடம், அதன் எஸ்டிமேட், பி.பி.எஸ்., நாள் கணக்கு நான்கையும் ஒரே ஃபைலில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். கேள்விகள் பெரும்பாலும் அந்த ஃபைலிலிருந்தே வரும், பதில் நீங்களே போட்ட எண்ணாக இருக்கும்.