தீயை விடுங்கள், பெற்றோரைக் காட்டுங்கள்: பேரிடர் நாடகம் போடும் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி நாடகக் குழுக்கள் சுனாமி, கட்டட விபத்து, கூட்ட நெரிசல் என்று பேரிடர்களைக் கையில் எடுப்பது நல்ல விஷயம். செய்தி ஓய்ந்த பிறகு அந்தக் குடும்பங்களைப் பற்றிப் பேச வேறு யார் இருக்கிறார்கள்? ஆனால் இப்படிப்பட்ட நாடகங்களில் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி தவறுகள் நடக்கின்றன. கும்பகோணம் பள்ளித் தீ விபத்தை உதாரணமாக வைத்தே பேசலாம். இப்போது கல்லூரியில் இருக்கும் பலர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள், ஆனாலும் கேள்விப்படாதவர்கள் குறைவு.

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. சத்துணவுக் கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி, காசிராமன் தெருவில் இருந்த அந்தப் பள்ளியில் 94 குழந்தைகள் இறந்தார்கள். இதை நாடகமாக்க வேண்டும் என்றதும் முதலில் தோன்றுவது என்ன? சிவப்பு விளக்கு, புகை மெஷின், மேடையில் அலறி ஓடும் குழந்தைகள். முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். தீ சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. பெற்றோருக்கு அதற்கப்புறம் 20 வருடங்களுக்கு மேல் ஓடியிருக்கிறது, அந்த வருடங்களைத்தான் யாரும் பார்க்கவில்லை. தீர்ப்பு வரவே 2014 ஜூலை 30 ஆகிவிட்டது, அதாவது பத்து வருடம். தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது, 11 பேரை விடுவித்தது. 2017-இல் உயர் நீதிமன்றம் தண்டனைகளைக் குறைத்து, இன்னும் சிலரை விடுவித்தது. இடையில் இழப்பீட்டுக்காகவும் பெற்றோர் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. தாலுகா அலுவலக பெஞ்ச், வாய்தா தேதி, சான்றிதழில் எழுத்துப்பிழையான பெயர், வருடா வருடம் ஜூலை 16 அன்று நினைவிடத்துக்கு மாலை வாங்குவது, இறந்த பிள்ளையின் வகுப்புத் தோழனுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது, இதெல்லாம் நாடகம். அந்தப் பத்திரிகைக் காட்சியை ஒழுங்காக எழுதினால் புகை மெஷினுக்கு வேலையே இருக்காது.

நம் கூத்துக்காரர்களுக்கு இது எப்போதோ தெரியும். வட மாவட்டங்களில் இறந்தவர்களின் காரியத்தன்று இரவில், கர்ணன் போரில் சாவதைச் சொல்லும் கர்ண மோட்சம் கூத்தை ஆடுவார்கள், இழப்பு நடந்த வீட்டு ஜனங்களே உட்கார்ந்து பார்ப்பார்கள். அதில் ஊரைக் கட்டிப்போடுவது அம்பு தைக்கும் இடத்தைவிட, போருக்குக் கிளம்பும் கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் பேசிக்கொள்ளும் தர்க்கம்தான். கணவன் மனைவி சண்டை, கோபம், குத்தல் எல்லாம் அதில் உண்டு.

அடுத்தது, எல்லாத் தாயையும் ஒரே தாயாக ஆக்கிவிடுவது. வெள்ளைப் புடவை, விரித்த தலை, மார்பில் அடித்துக்கொண்டு அழுகை. நிஜத்தில் ஒரே வீட்டில் ஒருத்தி பேசுவதையே நிறுத்தியிருப்பாள், அவள் கணவன் வழக்கு விவரத்தை விரல் நுனியில் வைத்திருப்பான், பாட்டி யார் மேலாவது பழியைப் போட்டுக்கொண்டே இருப்பாள், தப்பிப் பிழைத்த அக்காவோ தம்பியோ அந்த வீட்டில் தனக்கு இடம் எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார்கள். ஒப்பாரியையும் பின்னணி இசை மாதிரி ஸ்பீக்கரில் ஓடவிடாதீர்கள். ஒப்பாரி கணக்குக் கேட்கும், ஏசும், செத்தவர்களோடு நேராகப் பேசும், என்ன வாங்கித் தந்தாய், என்ன சொல்லிவிட்டுப் போனாய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். பயன்படுத்துவதானால் ஒரு பாத்திரம் தன் வாயால், தன் பிள்ளையைப் பற்றிப் பாடட்டும். அவ்வளவு வேண்டாம் என்றால் மேடையில் ஒருவருக்கு ஒரு வேலை கொடுங்கள். 1988-இல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊர் மேல் பான் ஆம் விமானம் குண்டு வெடித்து விழுந்து 270 பேர் இறந்தபோது, சிதறிக் கிடந்த பயணிகளின் துணிகளை அந்த ஊர்ப் பெண்கள் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து அவரவர் குடும்பங்களுக்கு அனுப்ப உதவினார்கள். முன்பின் தெரியாத ஒருவரின் சட்டையை ஒரு பெண் மடிக்கிறாள் என்பதைப் பத்து நிமிடம் பார்க்கலாம். பத்து நிமிட அழுகையை யாராலும் பார்க்க முடியாது, இரண்டாவது நிமிடத்திலேயே மனம் மூடிக்கொள்ளும்.

கேள்விப்பட்டதை வசனமாக்குவது இன்னொரு தவறு, இது மற்றவற்றைவிட ஆபத்தானது. பேரிடர் நடந்த அன்றே கதைகள் பரவும். யார் ஓடினார்கள், யார் பூட்டினார்கள் என்று ஊரே பேசும், அதில் பாதி பிறகு நிற்காது. இங்கிலாந்தில் 1989 ஏப்ரல் 15-இல் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசலில் சிக்கிய 97 லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழந்தார்கள். குடித்துவிட்டு வந்த ரசிகர்களே காரணம் என்ற பொய்யை போலீஸும் பத்திரிகையும் பரப்பின. ரசிகர்கள் மேல் தவறில்லை என்று ஜூரி சொன்னது 2016-இல். பிள்ளையைப் பறிகொடுத்ததோடு 27 வருடம் அந்தப் பொய்யோடும் அந்தக் குடும்பங்கள் மல்லுக்கட்டின. உங்கள் நாடகத்தின் ஒரு வசனம் இந்த மாதிரி பொய்யை மறுபடி உயிர்ப்பித்துவிடலாம். அதனால் தீர்ப்பைப் படியுங்கள், கும்பகோணம் என்றால் நீதிபதி சம்பத் விசாரணை ஆணையம் இருந்தது, அதில் என்ன வந்தது என்று பாருங்கள். ஒரே ஒரு வில்லனை வைத்து முடித்துவிடுவதும் இதில் சேர்ந்ததுதான். தாளாளரை மீசை முறுக்க வைத்தால் கைதட்டல் கிடைக்கும், ஆனால் அந்த வழக்கில் கல்வித்துறைக்காரர்களும் குற்றம் சாட்டப்பட்டிருந்தார்கள். கீற்றுக் கொட்டகைக்கு அனுமதி தந்த கையெழுத்து, பார்த்தும் பேசாமல் போன ஆய்வு, இவற்றைக் காட்டுவது கஷ்டம்தான். கஷ்டப்பட்டுத்தான் ஆக வேண்டும்.

குடும்பங்களைச் சந்திக்கப் போகிறவர்கள் "அன்னைக்கு என்ன நடந்துச்சு, சொல்லுங்கம்மா" என்று ஆரம்பிக்க வேண்டாம். அவர்கள் அதை போலீஸிடம், ஆணையத்திடம், கோர்ட்டில், ஒவ்வொரு நினைவு நாளிலும் மைக் நீட்டுகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்திருப்பார்கள். பையனுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும், யாரோடு சண்டை போடுவான் என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் நன்றி சொல்லி எழுந்து வந்துவிடுங்கள், தெரிந்தவரை வைத்து மறுபடி தூது அனுப்பாதீர்கள். அவர்கள் சொன்னதை நாடகத்தில் வைப்பதானால் எழுதியதை முன்கூட்டியே வாசித்துக் காட்டுங்கள், நீக்கச் சொன்னால் நீக்குங்கள். நிஜப் பெயரும் திரையில் குழந்தைகளின் நிஜப் போட்டோவும் வேண்டவே வேண்டாம். பெற்றோரை அழைத்து நாடகம் முடிந்த கையோடு மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவதையும் விட்டுவிடுங்கள். வர விரும்புகிறவர்களுக்கு எந்தக் காட்சியில் என்ன வரும் என்று முன்பே சொல்லி, நடுவில் எழுந்து போக வசதியாக ஓரத்தில் இடம் கொடுத்தால் போதும்.

நடிக்கிறவர்களும் 18, 19 வயதுப் பிள்ளைகள் என்பதை இயக்குகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். "உங்க வீட்ல யாராவது இறந்ததை நெனச்சுக்கோ" என்று சொல்லி அழ வைப்பது நடிப்புப் பயிற்சியே ஆகாது. துக்கக் காட்சியை ஒரே நாளில் பத்துத் தடவை ஓட்டாதீர்கள், ஒத்திகை முடிந்ததும் உடனே கலைந்து போகாமல் டீ குடித்துக் கொஞ்ச நேரம் வேறு கதை பேசிவிட்டு அனுப்புங்கள். வீட்டில் சமீபத்தில் சாவு நடந்த மாணவர் இருந்தால் தனியாகக் கூப்பிட்டு, மேடைக்குப் பின்னால் வேலை செய்கிறாயா என்று கேளுங்கள், முடிவை அவரே எடுக்கட்டும்.

கடைசியாக அரங்கம். மேடையில் நிஜ நெருப்பு வேண்டாம், ஒரு தீக்குச்சிகூட வேண்டாம், கீற்றும் காகிதமும் வைத்து செட் போட்டு அதன் பக்கத்தில் சூடேறும் விளக்கையும் வைக்காதீர்கள். பல கல்லூரி அரங்குகளில் ஆட்கள் டிக்கெட் இல்லாமல் நுழைகிறார்கள் என்று பக்கவாட்டுக் கதவுகளைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். டெல்லி உபஹார் தியேட்டரில் 1997-இல் 59 பேர் மூச்சுத் திணறி இறந்ததில் அடைபட்ட வழிகளுக்கும் பங்கு உண்டு. நாடகத்தன்று காலையில் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, ஒவ்வொரு கதவையும் நீங்களே திறந்து பாருங்கள், திறக்கவில்லை என்றால் திறக்கும்வரை பார்வையாளர்களை உள்ளே விடாதீர்கள்.