புழுக்கத்தில் போன் மக்கர் பண்ணினால்: கோளாறு எங்கே என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்

புழுக்கமான நாளில் கால் கட்டானால், "காத்துல ஈரம், அதான் டவர் கிடைக்கல" என்று முடித்துவிடுகிறோம். நீராவி ரேடியோ அலையை விழுங்குவது உண்மைதான். ஆனால் அது நன்றாக விழுங்குவது 22 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில். நம் போன்கள் பெரும்பாலும் 700 முதல் 3,700 மெகாஹெர்ட்ஸுக்குள்தான் பேசுகின்றன. அங்கே காற்றால் வரும் இழப்பு கிலோமீட்டருக்கு 0.01 டெசிபல் (சிக்னல் எவ்வளவு கூடியது, குறைந்தது என்று சொல்லும் அளவு) அளவுதான். போனுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே வேறு இடத்தில் தேட வேண்டும்.

படி 1: கோடுகளை நம்பாமல் எண்ணைப் பாருங்கள்

எத்தனை கோடு காட்டுவது என்பது ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்த கணக்கு. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் அபவுட் போன், அங்கே சிம் ஸ்டேட்டஸ் போனால் சிக்னல் எண் டிபிஎம்மில் (dBm, வந்து சேரும் சிக்னலின் சக்தியைச் சொல்லும் அலகு) இருக்கும். சில மாடல்களில் *#*#4636#*#* அழுத்தினாலும் வரும். ஐபோனில் *3001#12345#* போட்டு கால் பட்டனைத் தட்டுங்கள். 4ஜியில் -90க்கு மேல் (அதாவது -85, -80) இருந்தால் நல்ல சிக்னல். -110ஐத் தாண்டிக் கீழே போனால் திணறும்.

ஒரே இடத்தில் நின்று, காய்ந்த மதியத்தில் மூன்று முறையும் புழுக்கமான இரவில் மூன்று முறையும் குறித்துக்கொள்ளுங்கள். நாலைந்து டெசிபல் ஏறி இறங்குவது சகஜம். 10 டெசிபல் குறைந்தால்தான் விஷயம். வந்து சேரும் சக்தி பத்தில் ஒன்றாகிவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் காரணம் டவருக்கும் உங்களுக்கும் நடுவே நிற்கும் நனைந்த மரமோ, மழையில் ஊறிய சுவரோதான். ஜன்னல் பக்கம் போய் மறுபடி பாருங்கள்.

படி 2: எண் நன்றாக இருக்கிறது, நெட் மட்டும் ஓடவில்லை

ஏரோபிளேன் மோடை 10 விநாடி போட்டு எடுங்கள். பக்கத்து வீட்டில் அதே சிம் கம்பெனிக்கும் இதே கதையென்றால் உங்கள் போன் மேல் தப்பில்லை. ஃபைபர் இல்லாத டவர்கள் ஒன்றோடொன்று மைக்ரோவேவில் பேசுகின்றன. 15, 18, 23 கிகாஹெர்ட்ஸில் ஓடும் அந்த இணைப்பைக் கனமழை நிஜமாகவே அடிக்கும். கரையோர ஊர்களில் இன்னொரு கூத்து: காற்றசையாத ஈர இரவில் கடலோரக் காற்றடுக்கு ஒரு குழாய் போலாகி, எங்கோ தொலைவிலுள்ள டவரின் அலையைக் கொண்டுவந்து கொட்டும். அது உங்கள் டவரின் அலையோடு மோதிக் குழப்பும்; கோடு முழுசாக நிற்கும், வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும். வெயில் ஏறி அந்த அடுக்கு கலைந்தால் தானாகச் சரியாகும். செட்டிங்ஸை நோண்டிப் பயனில்லை.

படி 3: ஏசியிலிருந்து வெளியே வரும் அந்த ஐந்து நிமிடம்

போனுக்கு உண்மையான ஆபத்து இங்கேதான். வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால், 27 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எதன் மேலும் நீர் கோக்கும். 23 டிகிரி ஏசியில் கிடந்த போன், ஐஸ் தண்ணீர் டம்ளர் மாதிரி வேர்க்கிறது. கேமரா கண்ணாடி உள்பக்கம் மூடுபனி படிந்தால் ஈரம் உள்ளேயும் போய்விட்டது.

கிளம்புமுன் அறைக்குள்ளேயே ஜிப்லாக் கவரில் போனைப் போட்டு, காற்றை அமுக்கி எடுத்து மூடுங்கள். வெளியே வந்து 20 நிமிடம் கழித்துத் திறந்தால், கோக்க வேண்டிய நீர் கவரின் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடும். ரிவர்ஸில் கவலையில்லை, வெளியிலிருந்து ஏசிக்குள் போகும்போது போன்தான் சூடு, நீர் கோக்காது.

படி 4: சார்ஜ் ஓட்டையில் ஈரம் என்று எச்சரிக்கை வந்தால்

வயரை உடனே பிடுங்குங்கள். ஈரத்தோடு 5 வோல்ட் பாய்ந்தால் பின்கள் மின்பகுப்பில் அரிக்கும். வியர்வை உப்போ கடற்கரை உப்போ சேர்ந்தால் இன்னும் வேகமாக. பச்சையாகவோ பழுப்பாகவோ படிவது அதுதான். ஓட்டையைக் கீழ்நோக்கிப் பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, பின்கவரைக் கழற்றி, ஃபேன் காற்றில் அரை மணி நேரம் வையுங்கள். எச்சரிக்கை போகாவிட்டால் ஒரு நாள் முழுக்க விடலாம். ஹேர் டிரையர், குச்சி, பஞ்சு எதுவும் வேண்டாம். அரிசி டப்பாவும் வேண்டாம்; தவிட்டுத் தூள் ஓட்டைக்குள் போவதுதான் மிச்சம்.

படி 5: சூடும் பேட்டரியும்

சிக்னல் மெலிந்தால் போன் உரக்கக் கத்த வேண்டியிருக்கிறது; பொதுவாக உச்சமாக 200 மில்லிவாட் வரை அனுப்பும். பேட்டரி இறங்குவதும் சூடேறுவதும் அதனால்தான். 5ஜி வந்து வந்து போகும் இடத்தில் 4ஜியில் நிறுத்திவிடுங்கள்.

சர்வீஸுக்குக் கொடுக்கும் நிலை வந்தால், முதலில் ஐபோனில் சிம் டிரேயை உருவி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையாக அல்லது வெள்ளி நிறத்தில் ஒரு சிறு ஒட்டு தெரியும். வெறும் புழுக்கத்துக்கு அது நிறம் மாறாது. சிவந்திருந்தால் தண்ணீர் உள்ளே தொட்டிருக்கிறது. வாரண்டி கேட்டுப் பேசப் போகுமுன் அதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.