போத்தா சிக்காவ்: ஓர் அரசரின் வாழ்க்கைக் குறிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆப்பிரிக்கத் தலைவர்களைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகளைப் பல ஆண்டுகளாக எழுதியும் திருத்தியும் வருகிறேன். அண்மையில் புதியவர்கள் சிலர், தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் போண்டோலாந்துப் பகுதிக்கு அரசராக இருந்து, நிறவெறி அரசு தனிநாடு என்று அறிவித்த டிரான்ஸ்கையின் முதல் குடியரசுத் தலைவரான போத்தா சிக்காவைப் பற்றி எழுதிய குறிப்புகள் என் மேசைக்கு வந்தன. நான் தொடக்கக் காலத்தில் செய்த அதே பிழைகளை அவற்றில் கண்டேன். எழுத்துப்பிழை, ஆண்டுப்பிழை போன்றவற்றை அகராதியும் நாட்காட்டியும் திருத்திவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பெயரில் குழம்புதல்

போத்தா என்பது இவருடைய சொந்தப் பெயர். தென்னாப்பிரிக்க அரசின் தலைமையிடமான பிரிட்டோரியாவிலிருந்து ஆண்ட வெள்ளையர் போத்தாக்களுக்கும் இவருக்கும் உறவில்லை.

'தாயகம்' என்று மொழிபெயர்த்தல்

நிறவெறி அரசு 'ஹோம்லேண்ட்' என்று பெயரிட்ட நிலப்பகுதிகளைத் 'தாயகம்' என்று எழுதினால், தமிழில் அச்சொல்லுக்கு உள்ள உரிமையும் பாசமும் அந்த ஏற்பாட்டின் மீது படிந்துவிடும். கறுப்பின மக்களின் தென்னாப்பிரிக்கக் குடியுரிமையைப் பறிப்பதற்காக வகுக்கப்பட்ட பகுதிகள் அவை. அவற்றை எதிர்த்தவர்கள் பயன்படுத்திய 'பந்துஸ்தான்' என்ற சொல்லே பொருத்தமானது.

1939இலிருந்து 1976க்குத் தாவுதல்

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். "1939இல் அரசரானார், 1976இல் குடியரசுத் தலைவராக உயர்ந்தார்" என்று ஒரே மூச்சில் எழுதிவிடுகிறார்கள். என் முதல் குறிப்பிலும் ஏறத்தாழ இந்த வாக்கியமே இருந்தது. அது அச்சான பிறகு, மெய்ப்புப் பார்த்த முதியவர் ஒருவர், "இவருடைய மக்களே இவரைப் பதவியிலிருந்து நீக்கச் சொன்னார்களே, அது எங்கே?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பக்கம் இடம்பெற்ற அச்சுத்தாள் முழுவதையும் மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று. அதற்கான செலவு எனக்குரிய சன்மானத்தைவிடப் பல மடங்கு அதிகம்.

முதலில், 1939இல் நடந்தது வெறும் பாரம்பரியப் பட்டமேற்பு அன்று. முந்தைய அரசர் மண்ட்லோங்கே 1937இல் இறந்தபோது, வாரிசுரிமை போத்தாவுக்கா நெல்சன் சிக்காவுக்கா என்ற பூசல் எழுந்தது. 1927ஆம் ஆண்டுச் சட்டம் கறுப்பினத் தலைவர்களை அமர்த்தும் அதிகாரத்தைக் கவர்னர் ஜெனரலுக்கு அளித்திருந்ததால், யாரைத் தலைவராக அமர்த்துவது என்ற முடிவு அரசின் கையில் இருந்தது. அரசு போத்தாவைத் தேர்ந்தெடுத்தது. நெல்சன் தொடுத்த வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்று, 1944இல் போத்தாவுக்குச் சாதகமாக முடிந்தது.

இதை அறிந்த பிறகே 1951ஆம் ஆண்டின் பந்து (கறுப்பின மக்களுக்கு அரசு வைத்த பெயர்) அதிகார அமைப்புகள் சட்டத்தைப் படிக்க வேண்டும். ஊர்க்கூட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய பாரம்பரியத் தலைவர்களை அச்சட்டம் பிரிட்டோரியாவுக்குப் பதில் சொல்பவர்களாக மாற்றியது. போத்தா அதை ஆதரித்தார். வரியும் நிலச் சீரமைப்புத் திட்டங்களும் நெருக்கிய நிலையில், பிசானா, ஃபிளாக்ஸ்டாஃப், லுசிகிசிகி வட்டாரங்களில் போண்டோலாந்தின் ம்போண்டோ மக்கள் குன்றுகளில் கூடிப் பேசத் தொடங்கினர். போத்தாவை நீக்கச் சொன்னவர்கள் இவர்கள்தாம். 1960 ஜூன் 6 அன்று ங்குசா குன்றில் கூடியிருந்தவர்கள் மீது வானிலிருந்து கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. காவல்துறை சுட்டதில் 11 பேர் மாண்டனர். அந்த ஆண்டின் இறுதியில் வந்த 400ஆம் எண் அவசரநிலை அறிவிக்கை, விசாரணையின்றிச் சிறை வைக்க வழிசெய்ததோடு, தலைவருக்கு மரியாதை காட்டத் தவறுவதையும் குற்றமாக்கியது. தன் மக்கள் தன்னை மதிப்பதற்கு ஓர் அவசரநிலை அறிவிக்கை தேவைப்பட்டது என்ற இந்தச் செய்தியை விட்டுவிட்டு அவருடைய வாழ்க்கையை எழுதவே முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்த படி 1963. புதிய டிரான்ஸ்கை சட்டமன்றத்தில் பாரம்பரியத் தலைவர்களுக்கு 64 இடங்கள், மக்கள் தேர்ந்தெடுத்தவர்களுக்கு 45 இடங்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் மேற்குப் போண்டோலாந்தின் தலைவர் விக்டர் போட்டோவின் பக்கம் நின்றும், போத்தா உள்ளிட்ட தலைவர்களின் ஆதரவால் அவர்களில் ஒருவரான கைசர் மட்டன்சிமா 54க்கு 49 என்ற கணக்கில் முதலமைச்சரானார். 1976இல் போத்தாவுக்குக் கிடைத்த பதவியை இந்தக் கூட்டணியின் தொடர்ச்சியாகவே பார்க்க வேண்டும்.

குடியரசுத் தலைவர் ஆண்டார் என்று எழுதுதல்

ஆட்சி அதிகாரம் பிரதமர் மட்டன்சிமாவிடமே இருந்தது.

'விடுதலை' என்று மட்டும் எழுதி நிறுத்துதல்

1976 அக்டோபர் 26 அன்று அறிவிக்கப்பட்ட டிரான்ஸ்கை விடுதலையைத் தென்னாப்பிரிக்கா மட்டுமே முதலில் ஏற்றது. அன்றைய தினமே ஐ.நா. பொதுச்சபை அதைச் செல்லாது என்று அறிவித்தது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து எழுதுங்கள்.

மகளைத் தந்தையின் நிழலாக எழுதுதல்

ஸ்டெல்லா சிக்காவ் 1987இல் டிரான்ஸ்கையின் பிரதமரானார், சில மாதங்களில் இராணுவத்தால் கவிழ்க்கப்பட்டார், 1994க்குப் பிறகு மண்டேலாவின் அமைச்சரவையிலும் இடம்பெற்றார். அவருக்குத் தனிக்குறிப்பு வேண்டும்.

1978இல் குறிப்பை முடித்தல்

போத்தா 1978 டிசம்பரில் மறைந்தார். மகன் ம்போண்டோம்பினி அரசரானார். ஆனால் 1939இன் பூசல் தீரவில்லை. மக்களாட்சிக் காலத்தில் அமைக்கப்பட்ட ஆணையம் நெல்சனின் வழிவந்த சனோசுகோவுக்கே உரிமை உண்டு என்றது; அதன்படி தென்னாப்பிரிக்கக் குடியரசுத் தலைவர் வெளியிட்ட அறிவிக்கையை 2013இல் அரசியலமைப்பு நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்குத் தொடுத்த ம்போண்டோம்பினி, தீர்ப்பு வருவதற்குச் சில மாதங்கள் முன்பே இறந்துவிட்டார்.