லிப்ரே ஓபிஸ் வழிகாட்டிக்குத் திரைப்பிடிப்புத் தெரிவு செய்தல்

லிப்ரே ஓபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளுக்கு வழிகாட்டி எழுதும்போது, முதலில் திரையின் படம் (ஸ்கிரீன்ஷாட்) வேண்டுமா என்று பாருங்கள். ‘சேமி’ பொத்தானை அழுத்தச் சொல்ல ஒரு வரி போதும். அடுத்த பதிப்பில் இடைமுகம் மாறினால் எல்லாப் படத்தையும் திரும்ப எடுக்க வேண்டிவரும். தெரிவுகள் நெருக்கமாக உள்ள பெட்டிக்குத்தான் படம் உதவும்.

புதுப் பயனர் கணக்கில், இயல்பான தோற்றத்திலேயே எடுங்கள். ஆல்ட், பிரிண்ட் ஸ்கிரீன் விசைகள் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அப்போது முன்னால் உள்ள சாளரம் மட்டும் வரும். விண்டோசில் அதைப் பெயின்ட் போன்ற நிரலில் ஒட்டிச் சேமிக்கலாம். பிஎன்ஜி கோப்பாக்குங்கள், ஜேபெக் எழுத்தின் விளிம்பைக் கலங்கடிக்கும், தமிழில் மெய்யெழுத்தின் புள்ளியே கரைந்துபோகும்.

மாதிரித் தரவில் உண்மையான மாணவர் பெயரோ தொலைபேசி இலக்கமோ வேண்டாம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக் கணக்கென்று கத்தரிக்காய் 2 கிலோ, முருங்கைக்காய் 10 என்று போடுங்கள். அங்கு யாருக்கும் விளங்கும். கோப்புப் பெயரில் மென்பொருளின் பதிப்பு எண்ணையும் சேருங்கள்.