பேஸ்பால் வீரரின் ஆட்டப் பதிவைப் படிப்பது எப்படி

கணக்கு எழுதுவது என் தொழில். பேரேட்டைத் திறந்ததும் கடைசி இருப்பை மட்டும் பார்த்துவிட்டு மூடுகிறவரை எங்கள் தொழிலில் யாரும் நம்புவதில்லை. அந்தப் பழக்கத்தோடுதான் பேஸ்பாலின் உச்ச நிலைப் போட்டியான அமெரிக்க மேஜர் லீக் வீரர்களின் பதிவுகளையும் மாலை நேரங்களில் வரிவரியாகப் படிக்கிறேன். ஆண்டுக்கு ஒரு வரி, அடியில் ஒரு மொத்தம். பார்க்க வெறும் எண்களாக இருக்கும். ஆனால் ஒருவர் எப்போது வந்தார், யார் அவரை நம்பினார்கள், உடம்பு எப்போது கைவிட்டது, எப்படி விடைபெற்றார் என்பதெல்லாம் அதற்குள்ளேதான் இருக்கின்றன.

முதல் வேலையாக அந்த மொத்த வரியை மறைத்துவிடுங்கள். காகிதமென்றால் கையை வைத்து மூடுங்கள்; திரையென்றால் அதுவரை கீழே போகாதீர்கள். ஏன் என்பதற்கு சாண்டி கோஃபாக்ஸ் என்ற பிட்சர் (பந்து வீசுபவர்) ஒருவர் போதும். ஆட்டத்தின் வெற்றி தோல்வியை பிட்சர் பெயரில் எழுதுவார்கள். அவருடைய மொத்தம் 165 வெற்றி, 87 தோல்வி. 300 வெற்றி கண்ட பிட்சர்கள் இருபதுக்கும் மேல் இருக்கும் விளையாட்டில், இந்த எண்ணைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடத் தோன்றும். வரிகளைப் படித்தால் இரண்டு வெவ்வேறு மனிதர்கள் தெரிவார்கள். 1955 முதல் 1960 வரை 36 வெற்றி, 40 தோல்வி. 1961 முதல் 1966 வரை 129 வெற்றி, 47 தோல்வி. அந்த முதல் ஆறு ஆண்டுத் தடுமாற்றத்துக்கும் காரணம் உண்டு. அன்றைய விதிப்படி, பெரிய ஊக்கத்தொகை வாங்கிக்கொண்டு ஒப்பந்தமான இளைஞரை இரண்டு ஆண்டுகள் மேஜர் அணியிலேயே வைத்திருக்க வேண்டும். பத்தொன்பது வயதுப் பையனுக்கு, மேஜருக்குக் கீழ்ப்படியான மைனர் லீகில் பந்து வீசிப் பழக இடமே கிடைக்கவில்லை. பழகியதெல்லாம் மேஜர் பேட்டர்களுக்கு எதிரேதான். கடைசி வரியான 1966இல் 27 வெற்றி, இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகத் தன் பொறுப்பில் விட்டுக்கொடுத்த ரன்; குறைந்தால் நல்லது) 1.73. அத்தோடு நின்றுவிட்டார். இடது முழங்கையில் மூட்டுவாதம், வயது 30. அந்த ஆறு வரிகளும் மொத்தத்துக்குள் போய் ஒளிந்துகொள்வதை என்னால் பொறுக்க முடிவதில்லை.

அடுத்து வயது. ஆண்டுக்குப் பக்கத்திலேயே வயதுக்கு ஒரு கட்டம் இருக்கும். ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்சர் போல எல்லைக்கு வெளியே அடிப்பது) எத்தனை என்று தேடும் முன் இதைப் பாருங்கள். பொதுவாக ஒரு பேட்டரின் உச்சம் 26 முதல் 29 வயதுக்குள் அமையும். ஆகவே முதல் வரியில் இருக்கும் வயது மிக முக்கியம். மைக் டிரவுட் 2011இல் 19 வயதில் வந்தார். உச்ச வயதுக்கு முன்னால் அவருக்கு நிறைய வரிகள் கிடைத்தன. இச்சிரோ சுசுகியின் மேஜர் பதிவோ 2001இல், 27 வயதில்தான் தொடங்குகிறது. அதற்கு முன் ஜப்பானில் ஓரிக்ஸ் அணிக்கு அவர் அடித்த 1,278 ஹிட் (பந்தை அடித்துப் பத்திரமாக பேஸ் என்ற தளத்தை அடைவது) வேறு பக்கத்தில் இருக்கின்றன. இங்கே அடித்தவை மட்டும் 3,089. தாமதமாகத் தொடங்கியும் இவ்வளவு என்ற வியப்பு வயதுக் கட்டத்தைப் பார்த்தவருக்குத்தான் கிட்டும்.

ஜாக்கி ராபின்சன் 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு முதல் ஆட்டம் ஆடியபோது வயது 28. பத்து சீசன் ஆடி 1956 முடிவில் விலகினார். மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் அதைக் குறைவென்று நினைக்கலாம். திறமை போதாமல் தாமதமாகவில்லை. கறுப்பின வீரர்களுக்குக் கதவே அடைக்கப்பட்டிருந்தது. அவர்கள் தனியாக ஆடிய நீக்ரோ லீக்குகளை 2020இல் மேஜர் லீக்குகளாக அங்கீகரித்தார்கள். 2024இல் அவற்றின் எண்களை அதிகாரப் பதிவில் சேர்த்தார்கள். அதன்பின் வாழ்நாள் பேட்டிங் சராசரியில் முதலிடம் டை காப்பிடமிருந்து ஜாஷ் கிப்சனுக்குப் போனது: .367க்கு மேலே .372. கிப்சன் 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்துவிட்டார். பழைய அச்சு அட்டவணை உங்களிடம் இருந்தால், அதில் இல்லாத பெயர்கள் இருக்கின்றன என்பதை மறக்காதீர்கள்.

இனி பதிவின் தலைப்பகுதி. அங்கே டிராஃப்டில் எந்த ஆண்டு, எந்தச் சுற்று என்று இருக்கும். அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த பள்ளி, கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைமுறையில் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். 1965இல் தொடங்கியது, இப்போது 20 சுற்று. டொமினிகன் குடியரசு, வெனிசுவேலா போன்ற நாடுகளின் பையன்கள் இதில் வருவதில்லை. அவர்கள் 16 வயதிலேயே ஏதாவது ஓர் அணியோடு நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். சுற்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை வைத்து வீரரை எடை போடாதீர்கள். மைக் பியாட்சாவை 1988இல் 62வது சுற்றில், 1,390வது ஆளாக எடுத்தார்கள். 427 ஹோம் ரன் அடித்து பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். ஆல்பர்ட் பூஹோல்ஸ் 1999இல் 13வது சுற்று. 703 ஹோம் ரன். சுற்று எண் சொல்வதெல்லாம், அன்று அந்த அணிகள் என்ன நினைத்தன என்பதைத்தான்.

அதற்கும் கீழே மைனர் லீக் பதிவு என்று ஒரு பகுதி இருக்கும். பலர் அதைத் திறப்பதே இல்லை. தயவுசெய்து திறந்து பாருங்கள். ரூக்கி, சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிப்பிள்-ஏ என்று படிகள். இங்கே பேட்டிங் சராசரி அவ்வளவாக உதவாது. நான் பார்ப்பது மூன்று: அந்தப் படியில் மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர் வயது என்ன, எத்தனை மாதம் அங்கே தங்கினார், வாக் (நான்கு தவறான பந்துகளால் இலவசமாக முதல் பேஸுக்குப் போவது) எத்தனைக்கு ஸ்டிரைக் அவுட் (மூன்று ஸ்டிரைக்கில் அவுட் ஆவது) எத்தனை. டபுள்-ஏவில் 20 வயதில் சுமாராக ஆடுகிறவர், 26 வயதில் பிரமாதமாக ஆடுகிறவரைவிட நம்பிக்கைக்குரியவர். பூஹோல்ஸ் 2000ஆம் ஆண்டின் பெரும்பகுதியை சிங்கிள்-ஏவில் கழித்தார். அடுத்த ஆண்டே மேஜருக்கு வந்து, சிறந்த புதுமுகம் விருதும் வாங்கினார். அந்த ஒரே மைனர் சீசனில் வாக், ஸ்டிரைக் அவுட் கட்டங்களை ஒன்றன்பக்கம் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

இந்தப் படிகளில் ஏறுகிறவரின் வாழ்க்கையும் எண்களுக்குப் பின்னால் இருக்கிறது. 2023 ஒப்பந்தப்படி டிரிப்பிள்-ஏ வீரருக்கு ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 35,800 டாலர். அதே ஆண்டு மேஜரில் குறைந்தபட்சச் சம்பளம் 7,20,000 டாலர். நடுவில் இருப்பது ஒரே ஒரு படிதான். ஒரே ஆண்டில் மேஜர், டிரிப்பிள்-ஏ, மேஜர் என்று யாராவது மாறிமாறிப் போயிருந்தால், ஒவ்வொரு மாற்றமும் அவர் குடும்பத்துக்கு என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்படி ஏற்றி இறக்கும் உரிமைக்குப் பெயர் ஆப்ஷன். மேஜர் ஒப்பந்தம் உள்ள 40 பேர் பட்டியலில் சேர்ந்த வீரரை, வழக்கமாக மூன்று சீசன்கள் வரை அணி தன் விருப்பப்படி மைனருக்கு அனுப்பி எடுக்கலாம். அது தீர்ந்தபின் இறக்க வேண்டுமென்றால், முதலில் மற்ற அணிகளுக்கு அவரை எடுத்துக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும். ஆகவே நான்காவது ஆண்டில் ஒருவரின் அணிப்பெயர் திடீரென்று மாறினால் ஆட்டத்தைக் குறை சொல்லும் முன் ஆப்ஷனைப் பாருங்கள்.

இனி சேவைக் காலம். இதில் கொஞ்சம் நின்று போக வேண்டும், ஏனென்றால் ஒரு வீரரின் சம்பளமும் சுதந்திரமும் இதில்தான் முடிச்சுப் போடப்பட்டிருக்கின்றன. மேஜர் பட்டியலில் 172 நாள் இருந்தால் ஓர் ஆண்டு. சீசன் 180 நாளுக்கு மேல் நீளும். மூன்று ஆண்டு முடிந்தால் சம்பளத்தை மத்தியஸ்தர் முன் கேட்கலாம். ஆறு ஆண்டு முடிந்தால் ஃப்ரீ ஏஜென்ட், எந்த அணியோடும் பேசலாம். 1975இல் ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்நாலி வழக்கில் மத்தியஸ்தர் பீட்டர் சைட்ஸ் தந்த தீர்ப்புக்கு முன், வீரர் அணியை விட்டுத் தானாகப் போகவே வழியில்லை.

இப்போது கிரிஸ் பிரையன்ட்டின் பதிவில் 2015ஐப் பாருங்கள். சீசன் தொடங்கிச் சில நாள் கழித்து, ஏப்ரல் 17 அன்று சிகாகோ கப்ஸ் அவரை மேஜருக்கு அழைத்தது. ஆண்டு முடிவில் அவருக்குச் சேர்ந்த நாள் 171. ஒரு நாள் குறைவு. சிறந்த புதுமுகமாகத் தேர்வானவருக்கு அந்த ஆண்டு முழு ஆண்டாகக் கணக்கில் வரவில்லை. ஃப்ரீ ஏஜென்ட் ஆவது ஓராண்டு தள்ளிப்போனது. அவர் முறையிட்டார், 2020இல் தோற்றார். விதிக்கு உட்பட்டதுதான் என்றாலும் எனக்கு அது நியாயமாகப் படவில்லை. 2022 ஒப்பந்தத்தில், புதுமுக விருதுக்கான வாக்கெடுப்பில் முதலிரண்டு இடம் பிடிக்கும் இளைஞர்களுக்கு முழு ஆண்டு கிடைக்க வழி செய்தார்கள். நல்ல வீரர் ஒருவரின் முதல் ஆட்டத் தேதி ஏப்ரல் நடுவில் விழுந்தால், இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு ஆட்ட எண்களுக்கு வாருங்கள். கிரிக்கெட்டில் பழகியவருக்கு ஒரு வார்த்தை: இங்கே பேட்டிங் சராசரி என்பது ஹிட்டை அட்-பேட்டால், அதாவது பேட் பிடித்த தடவைகளால், வகுப்பது, ரன்னுக்கு அதில் இடமில்லை. .300 என்றால் பத்துக்கு மூன்று, அது சிறப்பு. வாக் அதில் சேராது என்பதால் வாக்கையும் சேர்த்து எத்தனை தடவை பேஸை அடைந்தார் என்று சொல்லும் ஆன்-பேஸ் விகிதத்தையும் கூடவே பாருங்கள். எந்த எண்ணையும் அந்த ஆண்டோடும் அந்த மைதானத்தோடும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 1968இல், மேஜரின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் .300ஐத் தாண்டியவர் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி ஒருவர்தான், அதுவும் .301. அதே ஆண்டு மற்றப் பிரிவான நேஷனல் லீகில் பாப் கிப்சனின் இ.ஆர்.ஏ. 1.12. பிட்சர்களின் கை அவ்வளவு ஓங்கியதால், அடுத்த ஆண்டு பிட்சர் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகத் தாழ்த்தினார்கள். டென்வர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரம். மெல்லிய காற்றில் பந்து தொலைவு போகும். கொலராடோ பேட்டரின் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தத் திருத்தங்களைச் செய்து தருவதுதான் பேட்டருக்கான ஓ.பி.எஸ். பிளஸ், பிட்சருக்கான இ.ஆர்.ஏ. பிளஸ் கட்டங்கள். 100 என்றால் அந்த ஆண்டின் சராசரி ஆட்டம்.

வெற்று இடங்களைத் தாண்டிப் போகாதீர்கள். டெட் வில்லியம்ஸின் பதிவில் 1943, 1944, 1945 இல்லை, போர். 1952இல் 6 ஆட்டம், 1953இல் 37 ஆட்டம். கொரியாவில் விமானம் ஓட்டினார். அப்படியும் 521 ஹோம் ரன். பிட்சர் டாமி ஜானின் பதிவில் 1975 இல்லை. 1974 செப்டம்பரில் மருத்துவர் ஃபிராங்க் ஜோப் அவருடைய முழங்கைத் தசைநாரை மாற்றிப் பொருத்தினார். அப்படியொரு சிகிச்சைக்குப் பின் எந்தப் பிட்சரும் அதுவரை திரும்பியதில்லை. முன்பு 124 வெற்றி, பின்பு 164. இன்றைய பிட்சர்களின் பதிவில் ஓராண்டு காணாமல் போயிருந்தால் பெரும்பாலும் அந்தச் சிகிச்சைதான். 2020இல் எல்லாருக்கும் எண்கள் சுருங்கியிருக்கும். தொற்றுக் காலம், 60 ஆட்டம்தான்.

சிலருக்கு ஆடும் இடமே மாறியிருக்கும். ரிக் ஆங்கியல் 2000இல் 194 ஸ்டிரைக் அவுட் எடுத்த இளம் பிட்சர். அந்த அக்டோபரில் ஒரே இன்னிங்ஸில் ஐந்து வைல்ட் பிட்ச், அதாவது பிடிக்க முடியாதபடி தாறுமாறாகப் போன பந்து. பந்து அவர் சொன்னபடி கேட்பது நின்றுபோனது. 2007 ஆகஸ்டில் அவுட்ஃபீல்டராகத் திரும்பி வந்து, வந்த அன்றே ஹோம் ரன் அடித்தார். பிட்சிங் அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு மூடினால் பாதி மனிதர்தான் கிடைப்பார்.

பயிற்சிக்கு ஜேமி மோயரின் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். 1986இல் 23 வயதில் தொடங்குகிறார். 1992க்கு மேஜர் வரி கிடையாது. மைனர் பகுதியில் தேடினால் டிரிப்பிள்-ஏவில் கிடைப்பார், வயது 29. அங்கே கை வைத்து மூடிக்கொண்டு, இவர் இனி எத்தனை ஆண்டு ஆடுவார் என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். பிறகு கையை எடுங்கள். 2001இல் 38 வயதில் 20 வெற்றி. 2003இல் 40 வயதில் 21 வெற்றி. 2011 காலி, காரணம் இப்போது உங்களுக்கே தெரியும். 2012இல் 49 வயதில் மறுபடி வந்து, மேஜர் லீகில் வெற்றி கண்ட மிக மூத்த பிட்சர் ஆனார். மொத்தம் 269 வெற்றி. அவருக்கு எதிராக அடிக்கப்பட்ட ஹோம் ரன் 522. அதுவும் ஒரு சாதனைதான், அவ்வளவு காலம் அணிகள் அவர் கையில் பந்தைக் கொடுத்தன. எட்டு அணிகளின் பெயரையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவர் வயதைக் குறியுங்கள். அடுத்த வீரரை அதன்பிறகு எடுக்கலாம்.